‘உங்க பேரென்ன, எந்த ஊரு?’ - மைக் நம்ம முகத்துக்கு நேரா வரும்போது...

போன ஆவணியில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபம். காலை முகூர்த்தம் முடிந்து, முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. இடம் கிடைக்காதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையில் லைட் மியூசிக். பாட்டுக்கு நடுவில் தொகுப்பாளர் தம்பி ஒருவர் வயர்லெஸ் மைக்கோடு கீழே இறங்கி வந்தார்.

உங்களுக்கும் தெரிந்த காட்சிதான். “உங்க பேரென்ன? எந்த ஊரு? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” நாலு பேரிடம் கேட்பார்கள், நாலு ஜோக் அடிப்பார்கள், அடுத்த பாட்டு வந்துவிடும்.

எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஓர் ஆயா. அறுபது வயது இருக்கலாம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடியில் மஞ்சள் பை. தம்பி மைக்கை நீட்டினார். ஆயா பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ‘குப்பை’ என்று தொடங்கும் பெயர். நம் பாட்டி, பூட்டிகளில் நிறைய பேருக்கு இருந்த பெயர்தான்.

“குப்பையா! அப்போ உங்களை மக்கும் குப்பையில போடறதா, மக்காத குப்பையில போடறதா?”

மண்டபமே சிரித்தது. அடுத்து ஊர். “மேல, வெள்ளிமல பக்கம்” என்றார் ஆயா. தம்பி அதே இழுவையோடு “வெள்ளிமல பக்கம்ம்ம்” என்று திருப்பிச் சொன்னார். பிறகு, “கல்வராயன் மலையா! மொய்யை கவர்ல கொண்டு வந்திருக்கீங்களா, கேன்ல கொண்டு வந்திருக்கீங்களா?”

இன்னும் பெரிய சிரிப்பு. ஆயாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாரம் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை. சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேன் ஜோக்குக்கு அந்த மண்டபம் சிரித்தது. அங்கிருந்து கருணாபுரம் நடந்து போகிற தூரம்.

பந்தியில் கேட்ட கதை

அடுத்த பந்தியில் ஆயா பக்கத்திலேயே எனக்கு இலை கிடைத்தது. மரவள்ளி போடுகிற குடும்பம். பெரியப்பாவுக்குக் கிழங்கு வியாபாரத்தில் பத்து, பதினைந்து வருடப் பழக்கம். பத்திரிகை வைக்க அவர் வெள்ளிமலை வரை போயிருக்கிறார், அந்த மரியாதைக்காகவே ஆயா காலை பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்திருக்கிறார்.

“கோவமா ஆயா?” என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

“கோவம் இன்னா பாப்பா. சின்னப் பையன். ஏதோ சொல்றான்” என்றார். ரசம் சாதம் வரும்போது அவரே ஆரம்பித்தார். “எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி ரெண்டு பொறந்துது. ரெண்டும் தங்கல. மூணாவது நானு. பொறந்த அன்னிக்கே குப்பமேட்டுல கொண்டு போய் வச்சிட்டாங்களாம். பக்கத்து வூட்டுக்காரங்க வந்து எடுத்துக்கினு போயி, அப்புறம் தவிடு குடுத்து எங்கம்மா என்னை வாங்குனாங்களாம். சாவு வந்து பாத்தாலும் ‘இது குப்பை, வேணாம்’னு போயிடுமாம். அதான் இந்தப் பேரு.”

இது அந்த ஒரு குடும்பத்துக் கதை இல்லை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், பிழைத்த குழந்தைக்குக் குப்பன், குப்பம்மா, பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். யாருக்கும் பிடிக்காத பெயராக இருந்தால் எமனுக்கும் பிடிக்காது என்ற நம்பிக்கை. ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று சின்ன வயசில் நம்மைக் கிண்டல் செய்வார்களே, அந்தக் கிண்டலுக்குப் பின்னால் இப்படி ஒரு நிஜச் சடங்கு இருக்கிறது. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில், ஓர் அம்மாவால் முடிந்த மருத்துவம் அந்தப் பெயர்.

இன்னொரு வகைப் பெயர்களும் உண்டு. போதும்பொண்ணு, வேண்டாம். தொடர்ந்து பெண் குழந்தைகள் பிறந்த வீட்டில் ‘இத்தோடு நிறுத்து’ என்று சாமிக்கு வைக்கிற விண்ணப்பம். விண்ணப்பம் சாமிக்கு, சுமை அந்தப் பெண்ணுக்கு. ஸ்கூல் வருகைப் பதிவில் தினமும் அந்தப் பெயரைக் கேட்டு ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லி வளர்ந்த ஒருத்தியிடம் மேடையிலிருந்து ஒருவர், “என்னங்க, போதுமா? இன்னும் கொஞ்சம் வேணாமா?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஜோக் அடிப்பவருக்கு அது அந்த நிமிஷம் தோன்றிய புது ஜோக். கேட்பவருக்கு அது ஆயிரத்தோராவது முறை.

பெயரை வைத்து ஜோக் அடிப்பதில் இருக்கிற முதல் சிக்கல் இதுதான். பெயரை நாம் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டை கலரைக் கிண்டல் செய்தால் நாளைக்கு வேறு சட்டை போடலாம்.

தாங்களே தேர்ந்தெடுத்த பெயர்களும் தப்பிப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில்தான் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலுக்கு நாடு முழுவதிலுமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். 2008-ல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பாலின அடையாளத்தை அங்கீகரித்துத் தீர்ப்பு சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் மேடையில் ஒரு திருநங்கையிடம், “அது சரி, பழைய பேர் என்ன?” என்று கேட்டுக் கண்ணடிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். போராடி வாங்கிய பெயர் அது. அதைக் கழற்றிக் காட்டச் சொல்வது எந்த ஊர் நகைச்சுவை?

‘மலையாளி’யா? சேச்சி சுகமா?

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இந்தப் பெயர் விவகாரம் இரட்டைத் தொல்லை. தனிப் பெயர் மட்டுமில்லை, சமூகத்தின் பெயரே ஜோக் ஆகிவிடுகிறது. மலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களுடைய வாய்மொழிக் கதை. ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை எனப் பரவி வாழும் இவர்கள்தான் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம்.

ஆனால் கீழே இறங்கிக் கல்லூரிக்கு வரும் ஒரு பெண், ‘நான் மலையாளி’ என்று சொன்னதும், “சேச்சி, சுகமானோ?” என்று ஒரு குரல் வரும். அவள் விளக்க ஆரம்பித்தால், “ஓ... எஸ்.டி-யா” என்று அடுத்த குரல் வரும். இரண்டில் எது பரவாயில்லை என்று என்னோடு படித்த ஒரு மலைக்காரத் தோழியிடம் கேட்டிருக்கிறேன். “சேச்சியே பெட்டர் டி” என்றாள்.

அந்த மலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. கல்வராயன் மலை அதற்குப் பிறகும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என மூன்று ஜாகீர்கள். 1976-ல்தான் அரசு முழுமையாக எடுத்துக்கொண்டது. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் எவ்வளவு தாமதமாக மேலே ஏறியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில்கூட, அந்த மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது.

கீழே இருக்கும் நமக்கு மலை என்றால் இரண்டு விஷயம்தான் தெரியும். ஒன்று, அருவி. இன்னொன்று, சாராயம். இதோடு ‘செம்மரம் வெட்டப் போறவங்க’ என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். 2015 ஏப்ரலில் திருப்பதி பக்கத்தில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலையாளிப் பழங்குடியினர் பலர் அவர்களில் உண்டு. கூலிக்குப் போய் உயிர் விட்டவர்களை வைத்தும் மேடை ஜோக் இருக்கிறது.

எங்க ஊர்ப் பேரே ஒரு ஜோக்தான்

மலைக்காரர்களைச் சொல்கிறேன், நானே கீழ்க் கள்ளக்குறிச்சிக்காரி. சங்கராபுரம் பக்கம். ஜர்னலிசம் டிப்ளமோ படிக்கச் சென்னை போன முதல் நாள் அறிமுகத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும், “பேர்லயே கள்ளம் இருக்கே” என்றார்கள். சரி, சிரித்துவிட்டேன். ‘இன்னா’ என்று ஒரு தடவை சொன்னதற்கு ஒரு வாரம் ஓட்டினார்கள். அதற்கும் சிரித்தேன். அப்புறம் போனில் அம்மாவிடம் பேசும்போதுகூட ‘என்ன’ என்று பேசப் பழகிவிட்டேன். அம்மா, “இன்னாடி புதுசா பேசற?” என்று கேட்டார்.

2024 ஜூன் 18, 19-க்குப் பிறகு அந்த ஜோக்கின் ருசி மாறியது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துக் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலி வேலைக்காரர்கள். பெண்களும் இறந்தார்கள். அப்பா, அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கொன்றது தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். மலையில் மரவள்ளி நடுகிற ஆயாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அந்த மாதத்துக்குப் பிறகு நான் எங்கே ஊர்ப் பெயரைச் சொன்னாலும் ஒரு நொடி இடைவெளி விட்டு ஒரு சிரிப்பு வரும். ‘சரக்கு எப்படி?’ என்று கேட்பார்கள். கேட்பவர் கெட்டவரெல்லாம் இல்லை. கள்ளக்குறிச்சி என்ற வார்த்தையோடு அவருக்கு ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். சின்னசேலம், கள்ளக்குறிச்சி பக்கத்து மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லி என்னை யாரும் கலாய்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. நாங்கள் பேசும் இந்த நடுநாட்டுப் பேச்சுக்குத் தனியாக ஒரு சொல்லகராதியே தொகுத்திருக்கிறார் எழுத்தாளர் கண்மணி குணசேகரன். இதே வட்டாரப் பேச்சில் எழுதும் இமையத்துக்கு ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020-ம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. புத்தகத்தில் வந்தால் ‘மண்ணின் மொழி’, மண்டபத்தில் பேசினால் காமெடியா?

அவங்க பண்ணா கோபம், நாம பண்ணா காமெடி

1968-ல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் ஒரு தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வருவார். குடுமி, நெற்றியில் பட்டை, இழுத்து இழுத்துப் பேசும் இந்தி. வட இந்தியாவே ரசித்த அந்த வேஷம் நம் ஆட்கள் நிறைய பேரை எரிச்சல்படுத்தியது. அதே நாம், தமிழ் சினிமாவில் வட்டிக்கடை சேட்டு ‘நிம்பள், நம்பள்’ என்று பேசினால் விழுந்து விழுந்து சிரிப்போம். இலங்கைத் தமிழ், டீக்கடை மலையாளம், எல்லாமே நமக்குக் காமெடி டிராக்தான்.

அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். 2020 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத் தேர்தல் கூட்டத்தில் டேவிட் பெர்டியூ என்ற செனட்டர், கமலா ஹாரிஸ் பெயரை வேண்டுமென்றே தப்புத் தப்பாக நீட்டி முழக்கி, ‘என்னவோ ஒண்ணு’ என்கிற தொனியில் முடித்தார். கூட்டம் சிரித்தது. பல வருடங்களாக ஒரே செனட் சபையில் கூட இருந்தவர், பெயர் தெரியாமலா சொல்லியிருப்பார்? தப்பாக உச்சரித்துவிட்டார், வேறு நோக்கமில்லை என்று அவர் தரப்பு விளக்கம் கொடுத்தது. உடனே சமூக வலைதளத்தில் ‘மை நேம் இஸ்’ என்ற ஹேஷ்டேக் கிளம்பி, ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பெயரையும் அதன் பொருளையும் எழுதினார்கள். கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் திருவாரூர் மாவட்டத்தில் இருப்பதால், நமக்கும் ‘நம்ம பொண்ணு பேரை எப்படிக் கிண்டல் பண்ணலாம்’ என்று கோபம் வந்தது. மூன்று மாதத்தில் அந்த செனட்டர் தேர்தலில் தோற்றார். தோற்றதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செய்தியைப் படித்தபோது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது உண்மை.

சரி, பேச்சு வழக்கை வைத்துக் காமெடியே செய்யக் கூடாதா? அப்படிச் சொன்னால் வடிவேலுவும் இல்லை, கோவை சரளாவும் இல்லை. யோசித்துப் பாருங்கள். வடிவேலு பேசுவது அவருடைய மதுரைத் தமிழ். கோவை சரளா பேசுவது பெயரிலேயே இருக்கிறது. மதுரைக்காரரும் கோவைக்காரரும் திரையைப் பார்த்து, ‘நம்ம ஆளு’ என்று சிரிக்கிறார்கள். சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். ஆனாலும் 1958-ல் ‘சபாஷ் மீனா’வில் அவர் பேசிய மெட்ராஸ் பாஷையை மெட்ராஸ்காரர்களே கொண்டாடினார்கள். ரிக்‌ஷாக்காரனைப் பார்த்துச் சிரிக்காமல், ரிக்‌ஷாக்காரனாகவே மாறி நம்மைச் சிரிக்க வைத்தார் என்பது என் கட்சி. நீங்கள் மறுக்கலாம்.

தம்பி சொன்னது, கட்டியங்காரர் சொன்னது

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தத் தொகுப்பாளர் தம்பியின் நம்பரை வாங்கிப் பேசினேன். திட்டுவதற்கு இல்லை, கேட்பதற்கு. நல்ல பையன். முதலில், “அக்கா, அந்தம்மாவே சிரிச்சாங்களே” என்றார். அப்புறம் கொஞ்சம் சூடாகவே பேசினார்.

“ரெண்டு பாட்டுக்கு நடுவுல ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க. அதுக்குள்ள சிரிக்க வைக்கணும். இல்லைன்னா அடுத்த புரோகிராமுக்குக் கூப்பிட மாட்டாங்க. பேரும் ஊரும்தான் சட்டுனு கிடைக்கும். ரஸ்ஸல் பீட்டர்ஸ் முன் வரிசையில இருக்கறவங்க பேரைக் கேட்டே ஒரு மணி நேரம் ஓட்டறாரு. உலகமே சிரிக்குது. நாங்க பண்ணா தப்பா? சரி, இனிமே மலைக்காரங்க கிட்ட மைக்கே நீட்டலைன்னு வைங்க. அது மட்டும் மரியாதையா அக்கா?”

கடைசிக் கேள்வி என்னைக் கொஞ்ச நேரம் வாயடைக்க வைத்தது. நிஜம்தான். பெயரையே கேட்காமல் தாண்டிப் போவது இன்னொரு விதமான அவமானம்.

ரஸ்ஸல் பீட்டர்ஸ் விஷயத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. அவர் கனடாவில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். அவரைப் பிரபலமாக்கியது தன் அப்பாவின் இந்திய உச்சரிப்பைப் பேசிக் காட்டிய ஜோக்குகள். அவரிடம் மாட்டப் போகிறோம் என்று தெரிந்தே காசு கொடுத்து முன் வரிசை டிக்கெட் வாங்குகிறார்கள். மொய் எழுத வந்த ஆயா டிக்கெட் வாங்கி வரவில்லை. எழுந்து போகவும் முடியாது, சாப்பிடாமல் போனால் பெரியப்பாவுக்கு மரியாதை இல்லை. அங்கே சிரிப்பதைத் தவிர அவர் வேறென்ன செய்திருப்பார்?

இதே சந்தேகத்தோடு எங்கள் ஊர்ப் பக்கம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் கூத்து இல்லாமல் முடியாது. ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாட, முன்னால் வந்து ‘நீ யாருய்யா?’ என்று ராஜாவையே கேள்வி கேட்பவன் கட்டியங்காரன். ராஜா செந்தமிழில் வசனம் பேசுவார், கட்டியங்காரன் ஊர்ப் பேச்சில் அதைக் கவிழ்ப்பான். கொச்சைப் பேச்சுக்காரன் ஜெயிக்கிற இடம் அது. விடிய விடியப் பார்வையாளர்களையும் விட்டு வைக்க மாட்டான்.

“யாரைத் தாத்தா கிண்டல் பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“பணம் வச்சிருக்கறவன், நாட்டாமை, தலைவரு, கூத்துக்குக் காசு குடுக்காம ஏமாத்தற விழாக்குழுக்காரன். அப்புறம் என்னை நானே. இந்த வயித்தைப் பாத்தியா? இதை வச்சே அரை மணி நேரம் ஓட்டுவேன்” என்றார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், “வூட்டுக்காரரு எங்கம்மா, கள்ளுக்கடையிலயா?” என்று கேட்டுவிட்டாராம். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சிரிக்கவில்லை. அவளுடைய கணவர் இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. “அன்னிக்குப் பொழுது விடியறதுக்குள்ள நான் பத்து தடவை செத்தேன். அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும், பொட்டி எறக்குனதும் முதல்ல ஊர்க்காரன் ஒருத்தனை உக்கார வச்சு, யார் வூட்ல இன்னா நடந்துதுன்னு கேட்டுக்குவேன். அப்புறம்தான் அரிதாரம்.”

டைரக்டர், ஸ்க்ரிப்ட் டீம் எல்லாம் வைத்திருக்கிற டிவி நிகழ்ச்சிகள்கூடச் செய்யாத வேலை இது.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, அந்தச் சமூகத்தவர் என்பதற்காக ஒருவரைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம். 2025 ஆகஸ்டில் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த வழக்கில், நகைச்சுவைக் கலைஞர்கள் சிலரைத் தங்கள் யூடியூப் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தீர்கிற விஷயமாக எனக்கு இது தோன்றவில்லை. அந்தத் தம்பி மேல் கேஸ் போட வேண்டும் என்று ஆயாவுக்கும் தோன்றவில்லை. அவருடைய கவலையே வேறு.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “அந்தப் பையன் பேசுனதை யாரோ போன்ல புடிச்சாங்களே பாப்பா, அது எங்கியாச்சும் வருமா? பேரன் கீழ ஹாஸ்டல்ல தங்கி ஒன்பதாவது படிக்கறான். அவன் கூடப் படிக்கற பசங்க பாத்தா...”

கட்டியங்காரர் காலத்தில் ஜோக் விடிந்ததும் முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. 40 நொடி கிளிப், கீழே நாலு சிரிப்பு எமோஜி. பெயரும் ஊரும் அந்தக் கிளிப்பில் சேர்ந்தே போகும்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் பேச்சு நின்றுவிட்டது. ட்ரூப் பேஜில் ரீல் போட்டிருக்கிறார்கள், அவர்தான் எடிட் செய்தவர். “ஒன்பதாவதா அக்கா?” என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியே ரீலைத் தூக்கிவிட்டு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “நாளைக்கு உளுந்தூர்பேட்டையில புரோகிராம். பேரு கேக்கறேன். ஆனா ஜோக் என் மொட்டைத் தலையை வச்சுத்தான். ஓர்க் அவுட் ஆகலைன்னா நீங்கதான் பொறுப்பு.”

எப்படிப் போச்சு என்று மறுநாள் கேட்டேன். “பரவால்லக்கா, சுமாரா சிரிச்சாங்க” என்றார்.

ரீல் போய்விட்டது. ஆனால் அதற்குள் டவுன்லோடு செய்தவர்கள் செய்துவிட்டார்கள். நேற்று காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அது மறுபடி வந்தது. அனுப்பியது என் சொந்த அத்தை. ‘நம்ம வீட்டுக் கல்யாண காமெடி’ என்று எழுதி, ஆறு சிரிப்பு எமோஜி போட்டிருந்தார். அத்தைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி போட வேண்டும்.